கறுப்பெழுத்தைக் கூண்டில் ஏற்றியது யார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஓர் எழுத்துருவுக்காக நான் போடும் வக்காலத்து. "உலகத்துல எவ்வளவோ பிரச்சினை இருக்கு, உனக்கு ஃபாண்ட்தான் கிடைச்சுதா?" என்று கேட்பவர்கள் இப்போதே அடுத்த ஜன்னலுக்குத் தாவிவிடலாம். மற்றவர்கள் உட்காருங்கள். கொஞ்சம் நீளமான பதிவு.

நான் சொல்லும் எழுத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் உச்சியில் அதன் பெயர் இருக்கிறதே, அது. மோட்டர்ஹெட் இசைக்குழுவின் ஆல்பம் அட்டையில் இருப்பது. கொரோனா பீர் பாட்டிலில் இருப்பது (பார்த்தது மட்டும்தான், குடித்ததில்லை!). தடித்த செங்குத்துக் கோடுகள், முனைகளில் வைரக்கல் மாதிரி வெட்டு, வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் முறிந்து திரும்பும் உடம்பு. பக்கம் முழுக்க அச்சடித்தால் வெள்ளையைவிடக் கறுப்புதான் கண்ணில் அடிக்கும். அதனால் ஆங்கிலத்தில் பிளாக்லெட்டர் என்று பெயர். நான் கறுப்பெழுத்து என்றே எழுதப் போகிறேன்.

இந்த எழுத்துக்கு இரண்டு எதிரிகள். போன செமஸ்டரில் இரண்டு பேரையும் ஒரே அறையில் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. பழைய ஜெர்மன் மௌனப் படங்களைத் திரையிடும் ஒரு விழா. 1922-இல் வந்த நோஸ்ஃபெராட்டு படத்துக்கான போஸ்டரில் தலைப்பைக் கறுப்பெழுத்தில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர், "ஐயையோ, இது நாஜி எழுத்து, தூக்கு" என்றார். இன்னொருவர், "பேய்ப் படம்தானே, நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்தையும் கேப்பிட்டல்ல போட்டுடு, இன்னும் பயமா இருக்கும்" என்றார். முதல் ஆள் இதைக் குற்றவாளி என்கிறார். இரண்டாம் ஆள் இதை வில்லன் முகமூடி என்கிறார். பார்க்க எதிரும் புதிருமாக இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே கட்சி. ஏனென்றால் இரண்டு பேருமே இந்த எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள், ஒரு வரிகூடப் படித்ததில்லை.

என் வாதம் அவ்வளவுதான். கறுப்பெழுத்து ஐரோப்பாவில் கோடிக்கணக்கான சாதாரண ஜனங்கள் பைபிளும் பேப்பரும் சமையல் குறிப்பும் படித்த எழுத்து. அதைக் குற்றவாளியாக நடத்துவதும் தப்பு, குற்றவாளி வேஷம் போட்டு ஆடவிடுவதும் தப்பு.

எங்கிருந்து வந்தது?

சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 12-ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் கையெழுத்துப் பிரதிகளில் உருண்டை எழுத்து மெல்ல நெருக்கமாகி, ஒடுங்கி, உயர்ந்தது. தோலில் எழுதிய காலம். குறைந்த இடத்தில் நிறைய எழுத வேண்டும். பட்டை முனைப் பேனாவை ஒரே சாய்வில் பிடித்து, ஒவ்வொரு கோடாக இழுத்து எழுதினால் வளைவு தானாக முறிகோடாகிவிடும். வேண்டுமானால் பட்டை பிரஷ் ஒன்றை எடுத்து நீங்களே முயன்று பாருங்கள். பத்து நிமிடத்தில் புரியும். இது யாரையும் பயமுறுத்தச் செய்த வடிவம் இல்லை, பேனா செய்த வடிவம்.

1455 வாக்கில் குட்டன்பர்க் தன் 42 வரி பைபிளை அச்சிட்டபோது எடுத்துக்கொண்டது இந்த எழுத்தைத்தான். டெக்ஸ்டூரா என்ற வகை. நெய்த துணி மாதிரி பக்கம் தெரிவதால் அந்தப் பெயர். ஓரங்கள் நேராக வருவதற்காக ஒட்டெழுத்து, சுருக்கெழுத்து எல்லாம் சேர்த்து சுமார் 290 வடிவங்களை வார்த்தார்கள். இங்கிலாந்தில் 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் பதிப்பும் கறுப்பெழுத்துதான். நம் கணினியில் ஆபீஸ் மென்பொருளோடு வந்து உட்கார்ந்திருக்கும் 'ஓல்டு இங்கிலீஷ்' இந்த வம்சத்துப் பேரப்பிள்ளை.

ஜெர்மனியில் இது தனியாகக் கிளைவிட்டது. முதலில் கொஞ்சம் உருண்டையான ஷ்வாபாகர். அப்புறம் மாக்ஸிமிலியன் பேரரசருக்காக 1513-இல் அச்சான பிரார்த்தனைப் புத்தகம், 1517-இல் வந்த தொயர்டாங்க் காவியம் ஆகியவற்றின் வழியே ஃபிராக்டூர். 'முறிந்தது' என்று அர்த்தம். மற்ற நாடுகள் எல்லாம் இத்தாலியின் ரோமன் எழுத்துக்கு மாறிய பிறகும் ஜெர்மானியர்கள் இதை விடவில்லை. லூதரிலிருந்து 20-ஆம் நூற்றாண்டு வரை, ஏறக்குறைய 400 வருஷம், ஜெர்மன் மொழிக்கு இதுதான் வீட்டு எழுத்து.

'காதிக்' என்ற பெயரே வசவுதான். இத்தாலிய அறிஞர்கள் தங்களுக்குப் பிடிக்காத வடக்கத்திக் கட்டடத்தையும் எழுத்தையும் "காட்டுமிராண்டி கோத் கூட்டத்தாருடையது" என்று ஏளனம் செய்ய வைத்த பெயர். அமெரிக்க அச்சுத் தொழிலிலோ 'காதிக்' என்றால் கொம்பு, வால் எதுவும் இல்லாத மொட்டை எழுத்து! ஃபிராங்க்ளின் காதிக் என்று தேடிக் கறுப்பெழுத்து வராமல் முழித்தவர்கள் இந்தப் பக்கம் கை தூக்கவும் :-)

"நாஜி எழுத்து"

சரி, பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம். நிதானமாக, தேதியோடு பார்ப்போம்.

போஸ்டர் கடைக்காரர்களும் சினிமாக்காரர்களும் 'ஜெர்மன்' என்றதும் எடுத்து மாட்டும் கறுப்பெழுத்து ஃபெட்டெ ஃபிராக்டூர். கொழுத்த ஃபிராக்டூர் என்று அர்த்தம். யோஹான் கிறிஸ்டியான் பவர் 1850-இல் வெட்டியது. விளம்பரமும் தலைப்பும் தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்பதற்காகச் செய்த தலைப்பெழுத்து. ஹிட்லர் பிறந்தது 1889-இல். பிறப்பதற்கு 39 வருஷம் முன்னால் செய்த எழுத்துக்கு அவர் எப்படி அப்பாவானார் என்று யாராவது விளக்குங்கள்.

"செஞ்சது அவன் இல்ல, பயன்படுத்துனது அவன்தானே?" என்பீர்கள். பயன்படுத்தினான். ஆனால் வேறு யாரெல்லாம் பயன்படுத்தினார்கள்? மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கை 1848-இல் லண்டனில் முதன்முதலாக அச்சானது ஃபிராக்டூரில். சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபோர்வெர்ட்ஸ் பத்திரிகை தன் பெயரைப் போட்டது ஃபிராக்டூரில். 1837-இலிருந்து ஜெர்மானிய யூதர்களுக்காக வந்த வாரப் பத்திரிகை அச்சானது ஃபிராக்டூரில். ஹைனே என்ற யூதக் கவிஞரின் பாடல்களை ஜெர்மானியர்கள் மனப்பாடம் செய்தது ஃபிராக்டூரில். 1933-இல் நாஜி மாணவர்கள் தெருவில் குவித்து எரித்த புத்தகங்களிலும் ஃபிராக்டூர் இருந்தது. எரித்தவனுக்கும் எரிக்கப்பட்டவனுக்கும் எழுத்து ஒன்றுதான். அப்படி இருக்க, எரித்தவன் பெயரை மட்டும் ஏன் அதற்குச் சூட்டுகிறோம்?

இப்போது முக்கியமான இடம். ஹிட்லருக்கே இந்த எழுத்தின் மேல் பெரிய காதல் கிடையாது. 1934-இல் நூரம்பர்க் கட்சி மாநாட்டிலேயே, பழமை பழமை என்று கூத்தாடும் தன் ஆட்களைக் கிண்டலடித்தபோது காதிக் எழுத்தையும் சேர்த்துத்தான் கிண்டலடித்தார். 1937-இல் பிரச்சார அமைச்சகம், யூதப் பதிப்பகங்கள் ஃபிராக்டூரில் அச்சிடக்கூடாது என்று தடைபோட்டது. ஏனாம்? இது 'ஜெர்மன்' எழுத்தாம், யூதர்கள் தொடக்கூடாதாம். நாலே வருஷம். 1941 ஜனவரி 3-ஆம் தேதி ஹிட்லரின் முடிவு என்று மார்ட்டின் போர்மான் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். காதிக் எழுத்தை ஜெர்மன் எழுத்து என்று நினைப்பது தவறு, அது உண்மையில் ஷ்வாபாகர் 'யூத எழுத்து', இனிமேல் ரோமன் எழுத்துதான் 'இயல்பெழுத்து', படிப்படியாக மாற வேண்டும் என்று உத்தரவு.

அதாவது, 1937-இல் ஜெர்மன் எழுத்து என்பதால் யூதர்களுக்குத் தடை. 1941-இல் யூத எழுத்து என்பதால் ஜெர்மானியர்களுக்குத் தடை. இதற்கெல்லாம் வரலாற்று ஆதாரம் கேட்டால் பூஜ்யம். அச்சகங்களை யூதர்கள் கைப்பற்றினார்கள் என்று சுற்றறிக்கை அளக்கிறது. ஷ்வாபாகர் எழுத்துக்கும் யூதர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கூத்தின் உச்சம், அந்தச் சுற்றறிக்கை அடிக்கப்பட்ட தாளின் தலையில் கட்சியின் பெயர் அச்சாகியிருந்தது ஃபிராக்டூரில்!

உண்மைக் காரணம் அந்த உத்தரவிலேயே எட்டிப் பார்க்கிறது. வெளிநாட்டில் விற்கும் பத்திரிகைகளை முதலில் மாற்றச் சொன்னார்கள். அப்போது பாதி ஐரோப்பா அவர்கள் காலடியில். பிரான்ஸ்காரனுக்கும் போலந்துக்காரனுக்கும் ஃபிராக்டூர் ஓடாது. அதிகாரம் செய்கிறவன் போடும் கட்டளை அடிமைக்குப் படிக்க வரவேண்டுமே!

1941-க்குப் பிறகு என்ன ஆனது? 1942 ஜனவரி 20-ஆம் தேதி பெர்லின் அருகே வான்சேயில் கூடி, ஐரோப்பிய யூதர்களைக் கூண்டோடு அழிக்கும் வேலையை அதிகாரிகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பு இன்றும் இருக்கிறது. எந்த எழுத்தில் தெரியுமா? சாதாரண டைப்ரைட்டர் ரோமன் எழுத்தில். உலகத்தின் மிகக் கொடூரமான அலுவலகத் தாள்களில் ஒன்று, பார்ப்பதற்கு நம் காலேஜ் சர்க்குலர் மாதிரி இருக்கும். அதற்காக டைப்ரைட்டர் எழுத்தை யாராவது 'நாஜி எழுத்து' என்றார்களா? காபிக் கடை மெனு கார்டில் ஆசை ஆசையாகப் போட்டுக்கொள்கிறோம்.

இதில்தான் எனக்குக் கோபம். ஃபிராக்டூரை 'நாஜி எழுத்து' என்று ஒதுக்கும்போது நாம் நாஜிகளை எதிர்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். நடப்பது வேறு. 400 வருஷச் சொத்தை, அதில் யூதர்களின் பங்கையும் சேர்த்து, 12 வருஷம் ஆண்ட ஒரு கும்பலுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கிறோம். அவர்களே வேண்டாம் என்று வீசிய பிறகும்!

எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் நேரம்

எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தை மறைப்பது அழகில்லை. 1933-ஐ ஒட்டி ஜெர்மன் அச்சு வார்ப்பகங்கள் புது மாதிரிக் கறுப்பெழுத்துகளை வரிசையாக இறக்கின. டானன்பெர்க், எலிமென்ட், நாட்ஸியோனால் என்று பெயர்கள். பழைய ஃபிராக்டூரின் வாலையும் சுருளையும் வெட்டிவிட்டு, விறைப்பாக, சல்யூட் அடிப்பது மாதிரி நிற்கும் எழுத்துகள். அச்சுக் கோப்பவர்களே பின்னால் இவற்றுக்கு 'பூட்ஸ் எழுத்து' என்ற பொருளில் ஒரு கேலிப்பெயர் வைத்தார்கள். இவை அந்தக் காலத்தின் ஆசைக்குத் தைத்த சட்டை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்றைக்கும் நவநாஜிக் கும்பல்கள் டி-ஷர்ட்டிலும் பச்சைக் குத்திலும் கறுப்பெழுத்தைத்தான் தேடிப் போகிறார்கள். அந்த உடம்பைப் பார்த்து ஒருவர் பயந்தால், "1941 சுற்றறிக்கை தெரியுமா?" என்று அவரிடம் பாடம் எடுக்கக் கூடாது. அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் அந்த நியாயம் எங்கே போய் முடிய வேண்டும்? பார்த்துப் பயன்படுத்து என்பதில் முடிய வேண்டும். பூட்ஸ் எழுத்தை எடுத்துச் சிவப்புக் கறுப்பு வட்டத்தில் வைத்துவிட்டு "நான் சும்மா ஸ்டைலுக்குப் போட்டேன்" என்றால் நானும் சேர்ந்து திட்டுவேன். அதற்காக மொத்தக் குடும்பத்தையும் ஊரைவிட்டு விலக்கி வைப்பது பஞ்சாயத்துத் தீர்ப்பு. நல்லவர்கள் விட்டுவிட்டுப் போன வீட்டில் யார் குடியேறுவார்கள்? அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

ஜெர்மனியிலேயே இதைப் புரிந்தவர்கள் உண்டு. 1949-இல், போர் முடிந்த நாலாவது வருஷம் தொடங்கிய ஃபிராங்க்ஃபுர்ட்டர் அல்கெமைனெ பத்திரிகை தன் பெயரை ஃபிராக்டூரில்தான் போட்டது. இன்றும் அப்படித்தான். 2007 அக்டோபர் வரை தன் கருத்துக் கட்டுரைகளின் தலைப்பையும் ஃபிராக்டூரில் அச்சிட்டது. அதைவிட அழகு ஜெர்மன் மருந்துக் கடைகளின் சின்னம். சிவப்பு நிறத்தில் பெரிதாக ஒரு முதலெழுத்து, கறுப்பெழுத்து பாணியில், அதோடு பாம்பும் கிண்ணமும். நடு ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடும் ஓர் அப்பாவுக்கு அந்த எழுத்து எதை நினைவூட்டும் என்று நினைக்கிறீர்கள்? ஹிட்லரையா, மாத்திரையையா?

"படிக்கவே முடியலையே!"

அடுத்த குற்றச்சாட்டு. இதை வடிவமைப்பு படிக்கும் நண்பர்களே சொல்வதுதான் வேதனை. எழுத்துரு வடிவமைப்பாளர் ஸூஸானா லிச்கோ 1990-இல் இதற்கு ஒரே போடாகப் பதில் சொல்லிவிட்டார். எதை அதிகம் படிக்கிறோமோ அதைத்தான் நன்றாகப் படிக்கிறோம் என்பது அவர் கருத்தின் சாரம். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் கறுப்பெழுத்தும் ஒன்று.

சிரமம் இல்லை என்று நான் சொல்லவில்லை. டெக்ஸ்டூராவில் 'மினிமம்' என்ற லத்தீன் சொல்லை எழுதினால் கம்பி வேலி மாதிரி 15 குச்சிகள் வரிசையாக நிற்கும். ஆங்கில 'ஐ'யின் தலையில் இருக்கும் புள்ளியே இந்த மாதிரிக் காட்டில் வழி தெரிவதற்காக வந்ததுதான். ஃபிராக்டூரில் பெரிய 'ஐ'க்கும் பெரிய 'ஜே'க்கும் ஒரே உருவம். பெரிய 'பி'யும் 'வி'யும் அண்ணன் தம்பி. இதெல்லாம் ஒரு வாரம் படித்தால் பழகிவிடும். நான் ஒரு பழைய சமையல் புத்தகத்தின் ஸ்கேனை வைத்துக்கொண்டு ஐந்து நாளில் பழகினேன். ஆறாவது நாள் எழுத்து மறைந்துவிட்டது, உருளைக்கிழங்கு மட்டும்தான் தெரிந்தது :-)

நம் வகுப்புக் கணக்குப் புலிகளுக்கு ஒரு செய்தி. கலப்பெண்ணின் மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி என்று பழைய புத்தகங்களில் கொக்கி கொக்கியாக இரண்டு எழுத்து வருமே, அது கறுப்பெழுத்துதான். லீ இயற்கணிதத்தைக் குறிக்கும் சின்ன 'ஜி'யும் அதேதான். போர்டில் எழுதத் தெரியாமல் ஆளுக்கு ஒரு கோழிக் கிறுக்கல் போடுகிறோம். பரீட்சையில் இதை எழுதியவர்கள் யாரும் "ஐயோ நாஜி" என்று எழுந்து ஓடவில்லை என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டுகிறேன்.

வேஷம் கட்டுகிறவர்கள்

இனி இரண்டாவது கட்சி. "சூப்பரா இருக்கே" என்று எடுத்து, கொலை செய்கிறவர்கள். இவர்களைத்தான் நான் அதிகம் திட்டப் போகிறேன். இவர்களாவது திருந்த வாய்ப்பு இருக்கிறது.

முதல் குற்றம், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடுவது. கறுப்பெழுத்தின் பெரிய எழுத்து ஒவ்வொன்றும் சுருளும் வாலும் இரட்டைக் கோடுமாகச் சொல்லின் தொடக்கத்தில் தனியாக நிற்பதற்காகச் செய்தது. பின்னால் வரும் சின்ன எழுத்துகளின் சீரான நடைதான் அதைத் தாங்கும். எல்லாமே பெரிய எழுத்து என்றால் பத்து நாட்டாமைகளை ஒரே திண்ணையில் உட்கார வைத்த மாதிரி. ஆளாளுக்கு மீசையை முறுக்குவார்கள், தீர்ப்பு வராது. கடைசியில் பேய்ப் படப் போஸ்டரில் படத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. பேருக்குக்கூடப் பயம் வராது.

இரண்டாம் குற்றம், எழுத்துக்கு நடுவே இடைவெளியை இழுத்து விடுவது. டெக்ஸ்டூராவில் எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையும், இரண்டு எழுத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளையும் சமம். ஜன்னல் கம்பி மாதிரி. அந்தத் தாளம்தான் அதன் உயிர். அதைப் பிய்த்தால் கம்பி கழன்ற ஜன்னல். இதைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. அமெரிக்க எழுத்துருக் கலைஞர் ஃபிரெடரிக் கௌடி, கறுப்பெழுத்துக்கு இடைவெளி விடுகிறவன் ஆடு திருடவும் தயங்க மாட்டான் என்று சொன்னதாக. 1993-இல் ஸ்பீக்கர்மானும் ஜிஞ்சரும் எழுதிய அச்சுக்கலைப் புத்தகத்தின் தலைப்பே இந்த ஆட்டுத் திருட்டை வைத்துத்தான்.

கதை நல்ல கதை. ஆனால் இதை மந்திரம் மாதிரி ஓதுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. ஜெர்மன் அச்சுக் கோப்பவர்கள் ஃபிராக்டூரில் எழுத்துகளுக்கு இடைவெளி விட்டுத்தான் கோத்தார்கள். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு ரோமன் எழுத்தில் சாய்வெழுத்து போடுவோம். ஃபிராக்டூரில் சாய்வெழுத்தே கிடையாது. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் அகட்டி வைத்தார்கள். அப்படி அகட்டும்போதும் 'சி-ஹெச்', 'சி-கே', 'டி-இஸட்' போன்ற ஒட்டெழுத்துகளைப் பிரிக்கக் கூடாது என்று விதி. அவர்களுக்கு இடைவெளி ஓர் அர்த்தம். நமக்கு, இடம் மிச்சம் இருந்தது, இழுத்துவிட்டோம். வித்தியாசம் புரிகிறதா?

மூன்றாம் குற்றம், நீள 'எஸ்' விவகாரம். ஃபிராக்டூரில் சின்ன 'எஸ்' இரண்டு. அசையின் தொடக்கத்திலும் நடுவிலும் வருவது நீளமானது, பார்க்க 'எஃப்' மாதிரி இருக்கும். அசையின் முடிவில் வருவது சுருண்டது. இது வெறும் அலங்காரமா? 'வாக்ஸ்டூப' என்று ஓர் எழுத்துக்கூட்டு. நீள 'எஸ்' போட்டால் வாக்-ஷ்டூப, காவலர் அறை. சுருண்ட 'எஸ்' போட்டால் வாக்ஸ்-டூப, மெழுகுக் குழாய். ரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், எது என்று நீங்களே ஊகிக்க வேண்டும். 'படிக்கவே முடியாத' எழுத்து, படிப்பதற்குக் கூடுதலாக ஓர் உதவி செய்கிறது! இன்று பியர் லேபிள், ஓட்டல் போர்டு செய்கிறவர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஜெர்மன் சொல்லை ஜெர்மன் எழுத்திலேயே தப்பாக எழுதிவிட்டு, 'பாரம்பரியம்' என்று விலை ஏற்றுகிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் புதிதாக யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று அர்த்தமில்லை. லாஸ் ஏஞ்சலஸில் மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்கள் தெருச் சுவரில் கறுப்பெழுத்தை எடுத்துத் தங்கள் பேட்டைப் பெயர்களை எழுதினார்கள். அங்கே வளர்ந்த சாஸ் போஹார்க்கேஸ் 1969-இலிருந்து அதை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டார். அவர்கள் கையால் எழுதினார்கள், கோட்டின் வேகமும் தாளமும் தெரிந்து எழுதினார்கள். பத்திரிகைத் தலைப்பின் கௌரவத்தை, பேப்பரில் குற்றச் செய்தியாக மட்டுமே வந்த தங்கள் பெயருக்குப் போட்டுக்கொண்டார்கள். அது கறுப்பெழுத்தைப் புரிந்துகொண்ட பயன்பாடு. மோட்டர்ஹெட் 'ஓ' தலையில் இரண்டு புள்ளி வைத்தது சும்மா ஜாலிக்கு. அதுகூடப் பரவாயில்லை, அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. டிஸைன் புத்தகத்தில் "காதிக் = பயம்" என்று ஒரு வரி படித்துவிட்டு எடுத்து ஒட்டுகிறார்களே, அவர்களைத்தான் நான் சொல்கிறேன்.

நமக்கு இதில் என்ன?

"ஜெர்மன்காரன் பிரச்சினை, தமிழனுக்கு எதுக்கு?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கேளுங்கள்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த மிஷனரிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு எழுதிக் குவித்தார்கள். கோயில், சாதி, பள்ளிக்கூடம், வைத்தியம், பஞ்சம், தெருவில் யாரோடு என்ன வாதம் செய்தார்கள் என்பது வரை. 1710-இலிருந்து 1772 வரை ஹாலேயில் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். தமிழ் அச்செழுத்துகளே அந்த ஹாலேயில்தான் வார்க்கப்பட்டு 1713-இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து இறங்கின. 18-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சமூகத்தைப் பற்றி இத்தனை விரிவான நாட்குறிப்பு வேறு எங்கே கிடைக்கும்? அந்தப் பக்கங்கள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. எந்த எழுத்தில்? வேறு எதில், ஃபிராக்டூரில்தான்.

ஜெர்மன் கற்றுக்கொண்ட நம் ஆள் ஒருவர் ஆசையாகத் திறந்தால் முதல் வரியிலேயே முட்டி நிற்கிறார். அவர் மட்டுமா? ஜெர்மன் பேரப்பிள்ளைகளே முட்டி நிற்கிறார்கள். 1941-இல் பள்ளிக்கூடத்தில் பழைய ஜெர்மன் கையெழுத்தையும் நிறுத்திவிட்டார்கள். 1915-இலிருந்து பிரஷ்யப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்த ஸ்யூட்டர்லின் எழுத்து ஒரே உத்தரவில் போனது. பாட்டி போர்முனைக்கு எழுதிய கடிதம் பரணில் இருக்கும், பேத்திக்கு அது கிறுக்கல். ஒரு சர்வாதிகாரி போட்ட உத்தரவு அவன் செத்து 80 வருஷம் கழித்தும் ஒழுங்காக அமலில் இருக்கிறது என்றால், அது இதுதான். நாம் "நாஜி எழுத்து" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த உத்தரவுக்கு இன்னொரு கையெழுத்து போடுகிறோம்.

ஆகவே, மகாஜனங்களே

கறுப்பெழுத்தை விலக்கி வைக்கவும் வேண்டாம், தலையில் தூக்கி ஆடவும் வேண்டாம். போஸ்டரில் போடுகிறீர்களா? தாராளமாகப் போடுங்கள். முதலெழுத்து மட்டும் பெரிது. மற்றதெல்லாம் சின்ன எழுத்து, நெருக்கமாக. இரண்டு மூன்று சொல்லுக்குத் தலைப்பாக வையுங்கள், பத்தி பத்தியாக வேண்டாம். ஜெர்மன் சொல் என்றால் எந்த 'எஸ்' என்று பாருங்கள். அது எந்த வருஷத்தில், எதற்காக வெட்டிய எழுத்து என்று இரண்டு நிமிடம் தேடுங்கள். 1850-இல் செய்த விளம்பர எழுத்தும் 1933-இல் செய்த பூட்ஸ் எழுத்தும் ஒன்றல்ல. அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்க மனமில்லையா, தயவுசெய்து ஏரியலில் அடித்துவிட்டுப் போங்கள். ஏரியலுக்கு இதெல்லாம் பழகிப் போயிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். எந்தப் பக்கமானாலும் சரி. படித்த பிறகும் இது கொலைகார எழுத்து என்று தோன்றினால் வாருங்கள், சண்டை போடுவோம். படிக்காமல் வருகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்களுக்கு உருளைக்கிழங்குப் பக்கத்தின் ஸ்கேனை மட்டும் அனுப்பி வைக்கிறேன்.